மூன்று கட்டைப்பை ரசீதுகள்: எதை வைப்பது, எதைக் கிழிப்பது?

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். என் கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு. 2006-ல் மனை வாங்கி, 2009-ல் வங்கிக் கடன் போட்டு வீடு கட்டினோம். 2014-ல் மாடி எடுத்தோம். அன்றிலிருந்து வந்த சிமெண்ட் பில், கரண்ட் பில், மருந்துக் கடை பில், நகைக் கடை பில் எல்லாம் மூன்று கட்டைப்பையில் பீரோவுக்கு மேல் கிடக்கின்றன. "இன்கம்டாக்ஸ்காரங்க கேட்டா என்ன செய்வ?" என்று எதையும் தூக்கிப்போட அவர் விடுவதில்லை. ஆனால் போன மாதம் இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. வாரண்டிக்காக பில்லைத் தேடி எடுத்தால், எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளைத் தாளாக இருக்கிறது. வீட்டுக் கடன் வரும் மார்ச்சில் முடிகிறது. ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோவைக்குப் போகும் எண்ணமும் உண்டு. எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். ஆனால் அது தப்பான காகிதத்தின் மேல் இருக்கிறது. வருமான வரித் துறை உங்கள் கரண்ட் பில்லைக் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுக்கும்போது, இதை நாளைக்கு யார், எதற்காக நம்மிடம் கேட்பார்கள் என்று பாருங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அது கிழிக்க வேண்டிய காகிதம்.

முதலில் வீட்டுக் காகிதம். அந்த மூன்று பைகளில் பண மதிப்புள்ளவை பெரும்பாலும் இவைதான். வீட்டை விற்கும்போது, விற்ற விலையில் இருந்து மனை வாங்கிய விலை, பத்திரச் செலவு, கட்டிய செலவு, மாடி எடுத்த செலவு ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் நீண்டகால மூலதன ஆதாய வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய சொத்து என்பதால் உங்களுக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கக் குறியீட்டை (அன்று செலவான தொகையை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூட்டிக் காட்டும் எண்) சேர்க்காமல் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம்.

மாடிக்கு 8 லட்சம் செலவானது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆதாரம் இல்லாமல் போனால், 12.5 சதவீத வழியில் மட்டும் 1 லட்ச ரூபாய் கூடுதலாக வரி வரும். குறியீட்டு வழியில் இழப்பு இன்னும் பெரிது. 2014-15-ன் குறியீடு 240, 2025-26-க்கு 376. அந்தக் கணக்கில் 8 லட்சம் என்பது 12.53 லட்சமாகிறது, அதற்கு 20 சதவீதம், இரண்டரை லட்சம். செஸ் தனி. நீங்கள் விற்கும் ஆண்டில் குறியீடு மாறியிருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். எலி கடித்த ஒரு கட்டு பில்லுக்கு இந்த மதிப்பு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

"கோவையில் வேறு வீடு வாங்கினால் வரியே இல்லையாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், நிபந்தனைகளோடு. ஆனால் லாபத்தில் எவ்வளவைப் புது வீட்டில் போடுகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் விலக்கு. பழைய பில்களால் லாபம் குறைந்தால், புது வீட்டில் முடக்க வேண்டிய தொகையும் குறையும். மிச்சப் பணம் ஓய்வுக்காலச் செலவுக்குக் கையில் நிற்கும்.

நம் ஊரில் மேஸ்திரி எங்கே பில் கொடுக்கிறார் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை சம்பளம் ரொக்கமாகப் போயிருக்கும். பரவாயில்லை. கம்பி, சிமெண்ட், செங்கல், டைல்ஸ் கடை பில்கள், கடன் தவணை தவணையாக விடுவிக்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம், பணம் எடுத்த பாஸ்புக் பக்கங்கள், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், மாடி வந்த பிறகு கூட்டிப் போட்ட வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். ஒன்று தனியாக நிற்காவிட்டாலும் எல்லாம் சேர்ந்து கதை சொல்லும். மேஸ்திரியின் கணக்கு நோட்டு இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். விடுபட்ட இடத்துக்கு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் இப்போதே ஒரு சான்று வாங்கிக்கொள்வது நல்லது. விற்கும் அவசரத்தில் வாங்குவதைவிட இது வலுவாக இருக்கும். பெயிண்ட் அடித்தது, குழாய் மாற்றியது போன்ற வழக்கமான பராமரிப்பு பில்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை விட்டுவிடலாம்.

இந்த ஃபைலுக்குக் காலாவதி, வீட்டை விற்று அந்த ஆண்டின் வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகு இன்னும் ஏழு ஆண்டு.

மார்ச்சில் கடன் முடிகிறது என்கிறீர்கள். இங்கே கவனமாக இருங்கள். கடைசித் தவணை கட்டியதும் நிம்மதியாகி, வங்கிப் பக்கமே போகாதவர்கள் நிறைய. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. நீங்கள் அன்று ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியல் ஒன்று கொடுத்திருப்பார்கள். பைகளில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். தாய்ப்பத்திரம் விடுபட்டுவிடக் கூடாது. கடன் வாங்கும்போது எம்.ஓ.டி. (பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால், வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

வருமான வரிக்கு வருவோம். பழைய கணக்கைத் திறந்து மறுமதிப்பீடு செய்ய நோட்டீஸ் அனுப்ப, சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து பொதுவாக மூன்று ஆண்டு மூன்று மாதம் வரைதான் அவகாசம். வரிக்குத் தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம். ஆகவே ஒரு நிதியாண்டுக்கான படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று), வங்கி வட்டிச் சான்று, தாக்கல் செய்த கணக்கின் நகல் ஆகியவற்றை ஏழு ஆண்டு வைத்திருந்தால் தாராளம். உங்கள் கணவர் புதிய வரி முறையில் இருந்தால், வாடகை ரசீது, காப்பீட்டு பிரீமியம் என்று கழிவுக்காகச் சேர்க்கும் காகிதம் பெரும்பாலும் தேவையே இல்லை. எந்த முறையில் இருக்கிறார் என்று அவரிடம் கேளுங்கள். நிறைய பேருக்கு அதுவே தெரியாது.

நகை பில்களை வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பழசானாலும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது மாற்றினாலும் வரிக் கணக்கில் அது விற்பனைதான். வாங்கிய விலைக்கு ஆதாரம் வேண்டும். அம்மா வீட்டில் போட்டதற்கு பில் இருக்காது. எந்த நகை, எத்தனை பவுன், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் பேட்டரி பில் வெளுத்ததற்கு நீங்கள் காரணமில்லை. அது வெப்பத்தால் அச்சாகும் தாள், மை கிடையாது. சூடு, வெளிச்சம், பிளாஸ்டிக் கவர் எது பட்டாலும் எழுத்து மங்கும். லேமினேட் செய்தால் மொத்தமும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையோடு பின் அடித்துவிடுங்கள், போனிலும் ஒரு படம் எடுங்கள். இப்போதைக்கு, வாங்கிய கடைக்கே போய் உங்கள் போன் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்; கணினியில் பில் போடும் கடை என்றால் நகல் எடுத்துத் தர முடியும். பேட்டரியின் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டு போங்கள். தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மருத்துவக் காகிதத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, பெரிய பரிசோதனை முடிவுகள் ஆகியவை ஆயுளுக்கும் வேண்டும். பின்னாளில் காப்பீட்டு நிறுவனம் இவற்றைத்தான் கேட்கும். க்ளெய்ம் பணம் வந்த பிறகு மருந்துக் கடை பில்லுக்கு வேலையில்லை. கரண்ட் பில், தண்ணீர் வரி, கேஸ் பில் எல்லாம் முகவரிச் சான்றுக்காகக் கடைசி ஒன்று போதும். பட்டா, வில்லங்கச் சான்றின் பழைய நகல்களும் வேண்டாம். இன்றைய தேதியிட்டதுதான் செல்லும், அதை இணையத்திலேயே எடுக்கலாம்.

இவ்வளவும் கழித்தால் மூன்று பை ஒரு பையாகும் என்பது என் கணிப்பு. கழித்ததைப் போகியில் போட்டுக் கொளுத்த வேண்டாம், அந்த பில் தாளில் ரசாயனப் பூச்சு உண்டு. ஆதார், பான் நகல்கள், வங்கிக் கணக்கு எண் உள்ள தாள்கள் ஆகியவற்றைக் கிழித்த பிறகே பழைய பேப்பர் கடைக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பைகள் உங்கள் பொறுப்பு, கணக்கு அவர் பொறுப்பு என்று தெரிகிறது. எந்த வங்கியில் எந்த டெபாசிட், எந்த பாலிசி, பி.எஃப். எண், லாக்கர் சாவி எங்கே, யார் நாமினி என்று ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். ரகசிய எண்கள் அதில் வேண்டாம். பத்து ஆண்டு யாரும் தொடாத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வங்கியிடம் கேட்டு மீட்கலாம்தான், ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அவருடைய பழைய கணக்குகளில் நாமினியாகத் திருமணத்துக்கு முன் எழுதிய அவர் அம்மா பெயரே இன்னும் இருக்கலாம். மார்ச்சில் பத்திரம் வாங்க வங்கிக்குப் போகும்போது அதையும் பார்த்து மாற்றிவிட்டு வாருங்கள்.