பசி ஹார்மோனும் இடுப்பளவும்: வாசகர் கேள்விகள்

என் எடை 96 கிலோ. எந்நேரமும் பசிக்கிறது. கிரெலின் அதிகமாக இருக்குமோ? டெஸ்ட் எடுக்கலாமா?

1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட இந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. பசியைத் தூண்டுவது இதுதான் என்பதால் பருமனானவர்களுக்கு நிறைய இருக்கும் என்று தோன்றும். நிஜத்தில் நேர்மாறு. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஏறஏற, வெறும் வயிற்றில் எடுக்கும் கிரெலின் அளவு பொதுவாகக் குறைகிறது, ஒல்லியானவர்களுக்குத்தான் கூடுதல். ஆனால் சாப்பிட்டதும் இறங்கவேண்டிய அளவுக்குப் பருமனானவர்களுக்கு அது இறங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. டெஸ்ட் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஏறி, பின் இறங்கும் எண்ணை வைத்து மருந்து எழுத முடியாது. அதற்குப் பதில் சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள்.

டயட்டில் 8 கிலோ குறைத்தேன். இப்போது முன்பைவிடப் பசிக்கிறது. மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறார் கணவர்.

அவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள் அம்மா. 2002-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், டயட்டால் உடல் எடையில் 17% குறைந்தவர்களுக்கு நாள் முழுவதுமான கிரெலின் 24% கூடியிருந்தது. 2011-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. இழந்த எடையை மீட்கத்தான் உடல் இப்படிப் பசியைக் கிளப்புகிறது. உங்கள் மேல் தவறே இல்லை. நாலு இட்லியும் சட்னியுமாகச் சாப்பிடுகிற காலையில் ரெண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். புரதம் பசியை நன்றாகத் தள்ளிப்போடும். முட்டை ஆகாதென்றால் சுண்டல்.

என் பி.எம்.ஐ. 22தான். தொப்பை மட்டும் இருக்கிறது. கவலைப்படவேண்டுமா?

வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. இடுப்பளவுதான் எல்லை. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டதும் அளவெடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள்.

நைட் ஷிப்ட் வேலை. தூக்கம் கெட்டால் பசி கூடுமா?

கூடலாம். 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது கிரெலின் 28% ஏறியது. சின்ன ஆய்வு, பிறகு வந்தவை எல்லாம் ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் பகலில் ஜன்னலை மூடி, போனை அணைத்துவிட்டு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். டீயும் பஜ்ஜியும் தேடும் அந்த விடிகாலை மூன்று மணிக்கு, வேர்க்கடலை சுண்டல் கையில் இருக்கட்டும்.