லிட்ஸ்ட்ரோமும் தடுப்பாட்டமும்: கேள்வி பதில்

ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1991 முதல் 2012 வரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற ஒரே அணிக்காக 20 பருவங்கள் ஆடிய ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றவர். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை ஏழு முறை பெற்றவர். அவரையும் அந்த இடத்தில் ஆடுபவர்களின் தொழிலையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். தடுப்பாட்டக்காரரின் வேலை என்ன?

பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர். கோல்கீப்பர் ஒருவர், முன்வரிசையில் மூவர், தடுப்பாட்டக்காரர்கள் இருவர். ஓர் ஆட்டத்துக்குப் பொதுவாக ஆறு தடுப்பாட்டக்காரர்கள் மூன்று ஜோடிகளாக வருவார்கள். ஒரு ஜோடி முக்கால் நிமிடம் முழு மூச்சாக ஆடிவிட்டு வெளியேறும், அடுத்த ஜோடி இறங்கும். ஆகவே 60 நிமிட ஆட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாக 20 நிமிடம் கிடைக்கும். லிட்ஸ்ட்ரோம் 2001-02 பருவத்தில் ஆட்டத்துக்கு 28 நிமிடத்துக்கு மேல் ஆடினார்.

எதிரணி பாய்ந்து வரும்போது அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கித் தடுக்க வேண்டும். பக் என்கிற அந்த ரப்பர் வட்டைக் கைப்பற்றியதும், அழுத்தம் கொடுக்க வருபவர் நெருங்குவதற்குள் தன் முன்வரிசைக்கு அனுப்ப வேண்டும். அந்த முதல் பாஸ் பிசகினால் அடுத்த நொடி ஆபத்து தன் கோலுக்குத்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மோதல் நிறைந்த ஆட்டத்தில் லிட்ஸ்ட்ரோம் ஆளை இடித்து வீழ்த்தியதாக யாருமே சொல்வதில்லையே. எப்படிச் சமாளித்தார்?

மட்டையால்தான். 1,564 ஆட்டங்களில் அவருக்கு விதிக்கப்பட்ட பெனால்டி, அதாவது விதி மீறியதற்காக ஆடாமல் வெளியே உட்கார வேண்டிய நேரம், மொத்தம் 514 நிமிடம். இரண்டு நிமிடப் பெனால்டியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஆறு ஆட்டத்துக்கு ஒன்று. உலகின் மிக வேகமான முன்வரிசையினரை இரவுதோறும் எதிர்கொண்ட ஒருவருக்கு இது வியப்பூட்டும் எண்ணிக்கை.

அவர் ஆடிய பழைய ஒளிப்பதிவு ஏதேனும் கிடைத்தால், இருவர் பாய்ந்து வர அவர் ஒருவரே தடுக்கும் காட்சியைத் தேடிப் பாருங்கள். பக் வைத்திருப்பவரை நோக்கி ஓட மாட்டார். இருவருக்கும் நடுவே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, மட்டையின் அடிப்பகுதியை, பாஸ் போகக்கூடிய பாதையில் பனியோடு படிய வைத்திருப்பார். பாஸ் வழி அடைபட்டுவிடும். ஓரத்திலிருந்து அடிக்கும் ஷாட் மட்டுமே மிச்சம், அதைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். ஆளைக் குறிவைத்துப் பாய்ந்தால் ஏமாற நேரலாம். கோணத்தை அடைத்தால் எதிராளி தானாகவே பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் ஒதுங்குவார்.

நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் இருந்ததால்தான் இவ்வளவு பெயர் என்று நான் நினைக்கிறேன். மறுக்க முடியுமா?

1997 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே பிலடெல்பியா அணி. எரிக் லிண்ட்ரோஸ், ஜான் லெக்ளேர், மைக்கேல் ரென்பெர்க் என்று மலை போன்ற மூவர் அடங்கிய முன்வரிசை. அவர்களை எதிர்க்க, இடித்து ஆடுவதில் பேர்போன விளாதிமிர் கான்ஸ்டன்டினோவைத்தான் டெட்ராய்ட் இறக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும் இறக்கினார். இருவருமே மென்மையாக ஆடுபவர்கள். டெட்ராய்ட் நான்குக்கு நான்கும் வென்றது. லிண்ட்ரோஸ் அந்தத் தொடரில் தன் ஒரே கோலை அடித்தபோது கடைசி ஆட்டத்தில் சில விநாடிகளே மீதமிருந்தன. அதே ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் லிட்ஸ்ட்ரோம். துணைக்கு நட்சத்திரங்கள் இருந்தது உண்மைதான், ஆனால் அந்த மூவரைக் கட்டிப்போடும் பொறுப்பு இவரிடம்தான் கொடுக்கப்பட்டது.

கான்ஸ்டன்டினோவ் பெயர் வந்துவிட்டதால் அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோப்பை வென்ற ஆறாம் நாள், 1997 ஜூன் 13 அன்று, கார் விபத்தில் அவருக்குத் தலையில் பலத்த காயம் ஏற்பட்டது. அவர் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. மறு ஆண்டு மீண்டும் கோப்பை வென்றபோது அவரைச் சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்கு அழைத்து வந்து, கோப்பையை அவர் மடியில் வைத்து அணியினர் வலம் வந்தார்கள். அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பழைய தலைமுறைத் தடுப்பாட்டக்காரர் பாபி ஓரை விட லிட்ஸ்ட்ரோம் பெரியவரா?

உச்சத்தில் ஓருக்கு நிகர் யாருமில்லை. தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே லீகில் அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்தது) எடுத்தவருக்கான விருதை இருமுறை வென்றவர். தொடர்ந்து எட்டு நாரிஸ் விருதுகள். ஆனால் முழங்கால்கள் கைவிட்டதால் 657 ஆட்டங்களோடு 30 வயதில் விலகினார். லிட்ஸ்ட்ரோம் 42 வயதை நெருங்கும் வரை ஆடினார், 41-ல் ஏழாவது நாரிஸ் பெற்றார். ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஆள் தேடினால் ஓரை எடுப்பேன், இருபது ஆண்டுகளுக்கு ஓர் அணியைக் கட்டச் சொன்னால் லிட்ஸ்ட்ரோமை.

தடுப்பாட்டக்காரர் எப்படி 264 கோல் அடிக்க முடிந்தது?

எதிரணி எல்லைக்குள், அந்த எல்லை தொடங்கும் இடத்தைக் காட்டும் நீலக் கோட்டருகே நின்று அடிக்கும் ஷாட்டுகளால். அவரது ஷாட் வழியில் நிற்பவர்களின் கால்களைத் தாண்டிக் கோல்வரை போய்ச் சேரும். வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடிப்பதும் உண்டு. டெட்ராய்ட் அணி அப்போது ஆடிய ஜோ லூயிஸ் அரினாவில், கோலுக்குப் பின்னால் உள்ள பலகைகள் துள்ளலுக்குப் பேர்போனவையாக இருந்தன. பக் அதில் பட்டுக் கோல்முனையில் காத்திருக்கும் சகாவிடம் திரும்பி வரும்.

2002-ல் கோப்பைக்கான பிளேஆஃப் முதல் சுற்றில் வான்கூவர் அணியிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றிருந்தார்கள். மூன்றாவதில் 1-1 என்று இருந்தபோது, ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிய அரை நிமிடம்கூட இல்லாத நிலையில் நடுக்கோட்டருகிலிருந்து அடித்தார். பக் கோல்கீப்பர் டான் க்ளூட்டியேவைத் தாண்டிப் போனது. அதன்பின் வான்கூவர் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அந்த ஆண்டு கோப்பையோடு, பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கு வந்தது. அதை வென்ற முதல் ஐரோப்பியர் அவர். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியில் பின்லாந்தை 3-2 என்று வீழ்த்திய கோலும் அவருடையதே.

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 12 வயது. பயிற்சியாளர் முன்வரிசையிலிருந்து தடுப்புக்கு மாற்றிவிட்டார். தரம் இறக்கியதாக நினைத்து அழுகிறான்.

அம்மா, பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்த, பதறாத பிள்ளையைத்தான் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அங்கே நிறுத்துவார்கள். 12 வயதில் எதுவும் முடிவாகிவிடாது. லிட்ஸ்ட்ரோமே, அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1989-ல் 53-வது ஆளாகத்தான் தேர்வானார். பிறகும் இரண்டு ஆண்டு ஸ்வீடனில் வெஸ்டரோஸ் அணிக்கு ஆடிவிட்டே அமெரிக்கா போனார். கான்ஸ்டன்டினோவ் அதே டிராஃப்டில் 221-வது.

இப்போதைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் வளர்க்கச் சொல்லுங்கள். மூலையில் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது, அதைத் தொடுவதற்கு முன் இரு தோள்களுக்கு மேலாகவும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். யார் துரத்தி வருகிறார், சகா எங்கே நிற்கிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். முதுகில் மோதல் வாங்குவதும் குறையும். அடுத்த ஆட்டத்தில் அவன் போட்ட கோல்களை எண்ணாதீர்கள், அவன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான் என்று எண்ணி, வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் சொல்லுங்கள்.