ஏப்ரிகாட் மரம் குளிரைத் தாங்குது, பூவும் பூக்குது, காய் மட்டும் பிடிக்கல

கேள்வி: அமெரிக்காவுல மினியாபோலிஸ் பக்கம் இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி தெக்குச் சுவரை ஒட்டி, நல்லா வெயில் படுற இடத்துல மூன்கோல்டு ஏப்ரிகாட் கன்னு வச்சு 5 வருஷம் ஆச்சு. எந்தக் குளிரும் தாங்கும்னு நர்சரியில சொன்னாங்க, மரம் ஜம்முனுதான் இருக்கு, ரெண்டு வருஷமா பூவும் கொட்டுது, ஒரு காய் கூட இல்ல. பக்கத்துல பிளம் இருக்கு, மகரந்தத்துக்கு அது போதாதா?

பதில்: போதாதுங்க, பிளம்மை நம்பாதீங்க. மூன்கோல்டும் சன்கோல்டும் மினசோட்டா யுனிவர்சிட்டி 1960 வாக்குல ஜோடியா விட்ட ரகம், ஒண்ணுக்கு இன்னொண்ணு வேணும், நர்சரிக்காரங்க ஒத்தையா வித்துட்டு இதைச் சொல்லாம விட்டுடறாங்க.

அடுத்தது அந்தச் சுவர். குளிர் தாங்கும்னு சொல்றது கட்டைக்குத்தான், பூவுக்கு இல்ல. மைனஸ் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வர்ற அதே மரத்தோட விரிஞ்ச பூ மைனஸ் 3லயே கருக ஆரம்பிச்சிடும், மைனஸ் 5, 6 போச்சுன்னா அனேகமா எல்லாமே காலி. ஏப்ரிகாட் இயல்பாவே அவசரக்குடுக்கை, நாலு நாள் வெயில் அடிச்சா முழிச்சுக்கும், நீங்க அதைக் கொண்டுபோய் சூடு ஏறுற சுவர்ல சாத்தி வச்சிருக்கீங்க. வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ வச்சிருக்கணும், சரி இப்ப பிடுங்கி நட வேணாம்.

அடுத்த தடவை பூ இருக்கும்போது உறைபனி விழுந்த அன்னிக்கு மத்தியானம் பத்துப் பூவைப் பறிச்சு பிளேடால நெடுக்க வெட்டிப் பாருங்க. இதழ் வெள்ளையா அழகாத்தான் இருக்கும், நடுவுல பிஞ்சாகப் போற இடம் பச்சையா இருந்தா உயிர் இருக்கு, கருப்பா இருந்தா செத்துப்போச்சு. பத்துல ஒண்ணு பச்சையா இருந்தாலே போதும், இவ்வளவு பூக்குற மரத்துக்கு அதுவே நல்ல காய்ப்பு.

ஜோடிக்கு சன்கோல்டை வீட்டுக்கு வடக்க நட்டா அது நாள் கழிச்சுப் பூக்கும், ரெண்டும் சேராம போகலாம். அதனால ஆகஸ்ட்ல சன்கோல்டு தளிர் மொட்டு (பூ மொட்டு இல்ல) வாங்கி இதே மரத்துல ரெண்டு மூணு கிளையில ஒட்டு கட்டிடுங்க. அது பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுவரைக்கும் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது பூத்த சன்கோல்டு கிளை கேட்டு வாங்கி பக்கெட் தண்ணியில போட்டு மரத்தடியில வைங்க. அந்த நேரத்துக் குளிர்ல தேனீ அவ்வளவா வராது, மெல்லிசு பிரஷ்ஷால நீங்களே தடவி விடுங்க.

பூ இருக்கும்போது உறைபனி வரும்னு தெரிஞ்சா சாயங்காலமே பெட்ஷீட் போட்டு தரை வரைக்கும் இறக்கி விடுங்க, உள்ள பழைய குண்டு பல்பு சரம் போடலாம், எல்இடி போதுமான சூடு தராது. காலையில மறக்காம எடுத்துடுங்க.

குளிர்காலத்துல கிளை வெட்டாதீங்க, பூ முடிஞ்சு மழை இல்லாத நாளா பாத்து வெட்டுங்க. ஜூனுக்கு அப்புறம் யூரியா கிட்ட போகாதீங்க, புல்லுக்குப் போடுற உரமும் சேர்த்துத்தான். அடிமரத்தை முயல் கடிக்காம இருக்க வலை கட்டும்போது, அது ஸ்னோ மேல ஏறி நின்னு கடிக்கும்ங்கிறதைக் கணக்குல வச்சு உயரமா கட்டுங்க.