இடத்தில் எதைப் பார்ப்பது, எடிட்டிங்குக்கு எதை விடுவது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "இரண்டு வருடமாகப் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் க்ராப் சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். ராவில்தான் எடுக்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் நானூறு படம் சேர்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருள் முன்னால் போகிறது, வீட்டில் திட்டு. 'எடிட் பண்ணினால் அது போட்டோகிராபியே இல்லை' என்கிறார் ஒரு நண்பர். 'ராவில் எடுத்துவிடு, மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? அடுத்து நல்ல லேப்டாப் வாங்குவதா, லென்ஸ் வாங்குவதா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்."

முதல் நண்பரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் ஜேபெக்கில் எடுத்து, கை வைக்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று. சென்சாரிலிருந்து வருவது பார்க்கவே சகிக்காத, சோகை பிடித்த ஒரு தகவல் மூட்டை. அதை அப்படியே சேமிப்பதுதான் ரா. அதற்கு ஒயிட் பேலன்ஸ் போட்டு (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டி), கான்ட்ராஸ்ட் ஏற்றி, நிறம் கூட்டி, கூர்மையாக்கி, நாய்ஸை, அதாவது புள்ளிப்புள்ளியான கரகரப்பை, வழித்தெடுத்து, ஜேபெக்காகச் சுருக்கித் தருவது கேமராவுக்குள் இருக்கும் சிப். நண்பரின் படங்களை எடிட் செய்வது அந்தக் கம்பெனியின் பொறியாளர். நல்ல எடிட்டர்தான், ஆனால் அவர் உங்கள் ஊர் வெயிலைப் பார்த்ததில்லை.

ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் முகத்துத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கிற 'டச்சிங்' வேலைக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணப் படத்தில் முகம் வழவழவென்று இருந்தால், அது பவுடரால் மட்டும் வந்தது இல்லை.

இரண்டாவது நண்பருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஒரு படம் இருக்கிறது. 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரின் மேல் நிலா எழுவதை ஆன்சல் ஆடம்ஸ் எடுத்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெளிச்சம். அவசரத்தில் லைட் மீட்டர் கையில் சிக்கவில்லை. நிலாவின் வெளிச்ச அளவு அவருக்குத் தெரியும் என்பதால் அதை வைத்து எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை, மனக்கணக்காகப் போட்டார். ஒரே ஒரு நெகட்டிவ்தான் கிடைத்தது. அடுத்ததற்குத் தயாராவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அப்புறம் பல வருடங்கள் அதே நெகட்டிவை இருட்டறையில் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். 1948இல் அதன் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்துச் செறிவேற்றினார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகத் திட்டுகள் தெரியும். பிந்தையவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. கணக்குப் போட்ட அந்தச் சில நொடிகள் தவறியிருந்தால் இருட்டறையில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் பயனில்லை. இருட்டறை இல்லாமல் இருந்திருந்தால் அது சுமாரான ஒரு நிலாப் படம்.

நான் பின்பற்றும் கணக்கு இதுதான். போனால் திரும்ப வராதது எதுவோ அதை இடத்திலேயே பார்க்க வேண்டும். திரும்ப வருவதை மேஜைக்கு விடலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஃபோகஸ் தவறியது, கை ஆடியது, கணம் தப்பியது, நின்ற இடம் சரியில்லாதது, வெளிச்சம் வந்த திசை: இவை எதுவும் திரும்ப வராது. வெள்ளையாக எரிந்துபோன பகுதியும் அப்படியே. ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தைப் பிடிக்கிற குட்டிக் குடம். குடம் வழிந்த பிறகு எவ்வளவு மழை பெய்தது என்று குடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ராவாக இருந்தாலும் வழிந்தது வழிந்ததுதான். மாறாக ஒயிட் பேலன்ஸ், கொஞ்சம் கூடுதலான இருட்டு, லேசான சாய்வு, லென்ஸின் வளைவு, நாய்ஸ் இதெல்லாம் மேஜை வேலை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது, அதாவது இருட்டான பகுதியை வெளிச்சமாக்கும்போது, ராவில் படம் உடையாமல் இருப்பது இதனால்தான்.

இப்போது உங்கள் படங்கள்.

தஞ்சை பெரிய கோயில் விமானம், மாலை நேரம். நல்ல வெளிச்சத்துக்குப் போயிருக்கிறீர்கள். ஆனால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தப் பொன்னிறத்தை ஒரு குறையாக நினைத்துக் கழுவிவிட்டது. வீட்டுக்கு வந்து கல் சாம்பலாகத் தெரிந்ததும் ஸ்லைடரை மஞ்சள் பக்கம் தள்ளி, கருங்கல்லை மஞ்சள் பூசிய கல்லாக்கிவிட்டீர்கள். அன்று கண்ணால் பார்த்த நிறம் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறந்துபோயிருக்கும், உங்கள் மேல் தப்பில்லை. வெளியில் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'டில் வைத்துவிடுங்கள். மாலை மாலையாகவே வரும், ராவில் பிறகு நகர்த்துவதும் சுலபம்.

இன்னொன்று, பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்ததால் விமானம் பின்னால் சாய்ந்தது. அதை மென்பொருளில் நிமிர்த்தியிருக்கிறீர்கள். நிமிர்த்தும்போது மேல்பகுதி இழுபடும், ஓரங்கள் வெட்டுப்படும். சிகரம் தலை பெருத்துத் தெரிவதும், நந்தி மண்டபத்தின் பாதி காணாமல்போனதும் அதனால்தான். அங்கே திறந்தவெளி விசாலம், இருபது முப்பது அடி பின்னால் போயிருக்கலாம். வழியில்லாத இடம் என்றால், நிமிர்த்தப் போகிறோம் என்று தெரிந்தே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். எடிட்டிங்கை மனதில் வைத்து எடுப்பது என்றால் இதுதான்.

இரண்டாவது படம், உங்கள் அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. படத்தோடு வந்த விவரம்: 55 மி.மீ., எஃப்/5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), ஷட்டர் 1/60 வினாடி, ஐஎஸ்ஓ 800 (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு). முகம் ஓரளவு சரி, கைகள் கரைந்திருக்கின்றன, சலங்கைக் கால் ஒரு கோடாக இருக்கிறது. இந்தக் கரைசலைக் கூர்மையாக்க ஷார்ப்பனிங்கைக் கடைசிவரை இழுத்ததில் பட்டுப்புடவையின் நெசவு மணல்தாள் மாதிரி ஆகிவிட்டது.

ஐஎஸ்ஓவுக்குப் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் பழைய கேமராக் காலத்து மிச்சம். ஐஎஸ்ஓ 3200 வைத்திருந்தால் அதே வெளிச்சத்தில் ஷட்டர் 1/250 கிடைத்திருக்கும். நாய்ஸ் வரும், வரட்டும். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் வசதி அதைச் சில நிமிடத்தில் துடைத்துவிடும். கரைந்த கையை ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டரைக் கூட்டாமலேயே பாதி படங்களைக் காப்பாற்றும் வழியும் உண்டு, அது கேமராவில் இல்லை, ஜதியில் இருக்கிறது. ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் முடியும் இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் சிலையாக நிற்பார். நட்டுவாங்கத் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கணம் வரப்போவது முன்கூட்டியே தெரியும். ஒத்திகைக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். நானூறு படம் நூறாகக் குறையும்.

அப்புறம் அந்த மெஜந்தா விளக்கு. சபாக்களில் இப்போது எல்இடி வந்ததிலிருந்து படம் எடுப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இது. படத்தில் குழந்தையின் கன்னம், நெத்திச்சுட்டி, ஜரிகை எல்லாம் ஒரே ரோஸ் திட்டு. ஒயிட் பேலன்ஸில் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. அந்த விளக்கில் பச்சை வெளிச்சம் ஏறக்குறைய இல்லவே இல்லை, இல்லாததை ஸ்லைடர் எங்கிருந்து கொண்டுவரும்? அதோடு சிவப்பு சேனல் வழிந்துவிட்டது. கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) 'எல்லாம் சரி' என்று சொல்லும், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்தால் சிவப்பு வலது சுவரில் மோதி நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். ஜரிகையில் கொஞ்சமாவது விவரம் மிஞ்சும். எடுத்தாகிவிட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வழியாமல் மிஞ்சியிருக்கும் பச்சை, நீல சேனல்களிலிருந்து முகத்தை மீட்கப் பாருங்கள். இந்தப் படத்தில் நான் முயன்று பார்த்தேன், முகபாவம் வருகிறது.

மின்விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைப் பட்டையாக இருட்டுக் கோடுகள் விழுந்தால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது. அதனால் கல்யாண மண்டபங்களில் 1/100 பெரும்பாலும் பாதுகாப்பானது. மேடை எல்இடிகள் வேறு வேகத்தில் துடிப்பவை, அங்கே நிகழ்ச்சிக்கு முன்பே நாலைந்து ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பார்ப்பது தவிர வழியில்லை.

மூன்றாவது, அம்மா அடுக்களை ஜன்னலோரம் இட்லித் தட்டை எடுக்கும் படம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், கிட்டத்தட்ட எதுவுமே செய்ய வேண்டாம். ஜன்னல் எரியாமல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, பிறகு அம்மாவின் முகத்துப் பக்க நிழலைத் தூக்கியிருக்கிறீர்கள். ஆவியின் வடிவம் அப்படியே இருக்கிறது. ஆனால் மூலையில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் வாளியை அழிக்க இருபது நிமிடம் ஆனது என்கிறீர்கள், தரையில் ஓடுகளின் கோடு அந்த இடத்தில் உடைந்தும் இருக்கிறது. பத்து நொடியில் காலால் தள்ளியிருக்கலாம்! அல்லது விட்டிருக்கலாம், அடுக்களை என்றால் வாளி இருக்கும். எதையாவது அழிக்கிற பழக்கம் இருந்தால் போட்டிகளுக்கு அனுப்பும்போது விதியைப் படியுங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ மாதிரியான செய்திப்பட போட்டிகளில் ஒரு பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தகுதியிழப்பு, மூல ஃபைலைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள்.

க்ராப், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவது, பற்றி ஒரு வார்த்தை. உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. இரண்டு பக்கமும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல்தான். வாட்ஸ்அப்புக்கு அது தாராளம். 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 166 புள்ளிதான் கிடைக்கும், சுவரில் மாட்டிப் பக்கத்தில் நின்று பார்த்தால் குறை தெரியும்.

நேரப் பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை போவது எடிட்டிங்கில் மட்டும் இல்லை, எதை எடிட் செய்வது என்று முடிவெடுக்காததில். எந்த ஸ்லைடரையும் தொடாமல் முதலில் நானூறையும் ஓட்டிப் பாருங்கள். ஃபோகஸ் இல்லாததும் கண் மூடியதும் அங்கேயே போகட்டும். இருபது மிஞ்சினால் நல்ல நாள். ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒன்றைச் சரிசெய்து, அதே அமைப்பை மற்றவற்றுக்குக் காப்பி செய்யுங்கள். முடித்ததை ஒரு ராத்திரி ஆறப்போட்டு மறுநாள் பார்த்தால், பெரும்பாலும் நிறத்தையும் கிளாரிட்டியையும் குறைக்கத்தான் கை போகும். திரை வெளிச்சத்தையும் கவனியுங்கள். நான் ஒரு உறவினர் கல்யாண ஆல்பத்தை ராத்திரியில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்து லேபுக்குக் கொடுத்துவிட்டேன். பிரிண்டில் மாப்பிள்ளையின் கோட்டும் மீசையும் ஒன்றாகக் கறுத்து வந்தன. லேப்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. இப்போது திரையைப் பாதிக்குக் கீழே வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு மாதத்துக்கு இதையும் செய்து பாருங்கள். எந்தப் படத்துக்காவது ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால், எதற்காக ஆனது என்று ஒரு நோட்டில் ஒரு சொல்லில் எழுதுங்கள்: சாய்வு, வாளி, கரைசல், நிறம். மாதக் கடைசியில் எந்தச் சொல் அதிகம் வருகிறதோ, அடுத்த மாதம் கேமராவோடு போகும்போது அதை மட்டும் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்த்தால் படம் எடுப்பதே வெறுத்துவிடும்.

லேப்டாப்பா லென்ஸா என்றால், இந்த மூன்று படங்களை வைத்துச் சொல்கிறேன்: லென்ஸ். 50 மி.மீ. எஃப்/1.8, பல கம்பெனிகளிலும் மலிவாகக் கிடைக்கும் லென்ஸ்களில் ஒன்று, பழையதாகவும் கிடைக்கும். உங்கள் எஃப்/5.6ஐ விட ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். முழுக்கத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறைவு, ஆடும் ஆளுக்குச் சிரமம், அதனால் எஃப்/2.8இல் வைத்துப் பழகுங்கள். அதுவே நாலு மடங்கு வெளிச்சம். லேப்டாப் இப்போதைக்கு மெதுவாகவே ஓடட்டும், இருபது படத்துக்கு அது போதும்.

அப்புறம், குழந்தையின் அடுத்த நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போய் லைட்காரரைப் பாருங்கள். ஒரு காபி வாங்கிக் கொடுத்து, வர்ணம் முடியும்வரை மெஜந்தா வேண்டாம், முன்னால் வார்ம் ஒயிட் மட்டும் போதும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.