ஒரே ஒரு கப்பலோடு பிரிந்த நாடு
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: துவாலு கடலில் மூழ்குகிறது என்ற செய்தி மட்டும்தான் வருகிறது. அது எப்படித் தனி நாடானது? ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடினார்களா? – மன்னார்குடி வாசகர்

பதில்: பசிபிக் கடலில் உள்ள துவாலுவின் மக்கள் முதலில் பிரிந்தது பிரிட்டனிடமிருந்து அல்ல, பக்கத்துத் தீவுக்கூட்டத்திடமிருந்து. அவர்களுடைய எல்லிஸ் தீவுகளையும் (துவாலுவின் பழைய பெயர்) வடக்கே உள்ள கில்பர்ட் தீவுகளையும் 1892-இல் பிரிட்டன் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. 1916-இல் இரண்டையும் ஒரே காலனி ஆக்கியது. எல்லிஸ் மக்கள் பாலினீசியர். கில்பர்ட் மக்கள் மைக்ரோனீசியர். மொழி வேறு, வழக்கம் வேறு. கில்பர்ட் பக்கம் மக்கள்தொகை பல மடங்கு அதிகம். எல்லிஸ் இளைஞர்கள் படித்துவிட்டுத் கில்பர்ட் பக்கம் இருந்த தலைநகர் தாராவாவில் அரசு வேலைகளில் நிறைய சேர்ந்திருந்தார்கள். அது கில்பர்ட்காரர்களுக்கு உறுத்தியது. விடுதலை வந்தால் பெரும்பான்மையின் தயவில் வாழ வேண்டியிருக்குமே என்று எல்லிஸ்காரர்கள் அஞ்சினார்கள்.

1974-இல் ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. பிரிவுக்கு ஆதரவாக 3,799 வாக்குகள், எதிராக 293. வாக்களிக்கும் முன்பே பிரிட்டன் விலையைச் சொல்லிவிட்டது: பிரிந்து போனால் காலனியைச் சேர்ந்த பனாபா தீவில் வெட்டி எடுக்கும் பாஸ்பேட் என்ற உரக் கனிமத்தின் வருமானத்தில் பங்கு கிடையாது, காலனியின் மற்றச் சொத்துகளிலும் கிடையாது, ஒரு கப்பல் மட்டும் உண்டு. காலனியின் பெரிய வரும்படியே அந்தப் பாஸ்பேட்தான். தெரிந்தேதான் பிரிவு என்றார்கள். எனக்கு இந்த நாட்டின் மீது இருக்கும் மதிப்பெல்லாம் அந்த வாக்கெடுப்பிலிருந்து வந்ததுதான்.

1975 அக்டோபர் 1-இல் சட்டப்படி பிரிவு, 1976 ஜனவரி 1 முதல் தனி நிர்வாகம், 1978 அக்டோபர் 1-இல் விடுதலை. முதல் பிரதமர் டோவாரிபி லௌட்டி. கில்பர்ட் தீவுகள் 1979-இல் கிரிபாட்டி என்ற நாடாயின; பனாபாவில் பாஸ்பேட் வெட்டுவதும் அந்த ஆண்டே முடிந்துபோயிற்று.

கேள்வி: 'துவாலு' என்றால் என்ன பொருள்? – கரூர் வாசகர்

பதில்: 'எட்டும் சேர்ந்து நிற்பது'. தீவுகள் ஒன்பது. ஆனால் ஒன்பதாவதான நியுலகீட்டாவில் முன்பு நிரந்தரக் குடிகள் இருந்ததில்லை. 1949-இல்தான் இன்னொரு தீவான நியுதாவோவின் மக்கள் அங்கே குடியேறினார்கள்.

கேள்வி: 26 சதுர கிலோமீட்டர் நிலத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள்? – புதுச்சேரி வாசகர்

பதில்: முதலில் சோற்றுக்கு வழி. பவளத் தீவில் ஆறு இல்லை, மண்ணும் இல்லாத குறைதான். மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கும். அந்த அடுக்கைத் தொடும்வரை குழி தோண்டி, புலாக்கா என்ற பெரிய சேப்பங்கிழங்கு வகையை நடுவார்கள். இலைதழைகளைச் செடியைச் சுற்றிப் போட்டு, அவை மக்க மக்க மேலும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குழியின் மண்ணே மனிதர் கையால் உண்டானது. கடல் ஏறும்போது உப்பு கரையைத் தாண்டி வர வேண்டியதில்லை. அடியிலிருந்தே நன்னீர் அடுக்கைக் கெடுத்துவிடும், கிழங்கு அழுகும். 1943-இல் அமெரிக்கப் படை இன்றைய தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுதளம் போட்டபோது பல குழிகள் மூடப்பட்டன. ஓடுதளத்துக்குப் பவளம் வெட்டிய பள்ளங்களில் உப்புநீரும் குப்பையும் தேங்கின. அவற்றை நிரப்ப 2015 வரை ஆயிற்று.

பணத்துக்கு வழி: சுற்றியுள்ள கடலில் சூரை மீன் பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்களிடம் உரிமக் கட்டணம், துவாலுவுக்கு உரிய '.டிவி' (.tv) என்ற இணைய முகவரி முடிவைப் பிறர் பயன்படுத்துவதற்கான தொகை. 1987-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டனோடு சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை நிதி. இந்த நிதியின் விதியைக் கவனியுங்கள். முதல் தொகையின் மதிப்பு விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் அது இரண்டாவது கணக்குக்குப் போகும். அரசு எடுத்துச் செலவழிப்பது அந்தக் கணக்கிலிருந்துதான். பங்குச்சந்தை சரிந்த ஆண்டில் புதிதாக ஒன்றும் வராது. அப்போது இரண்டாவது கணக்கில் முன்பு சேர்த்து வைத்ததுதான் கைகொடுக்கும். உறுப்பினராகும் செலவுக்கு '.டிவி' பணம் வந்த பிறகுதான், 2000-இல், ஐ.நா.வில் 189-ஆவது உறுப்பு நாடாகச் சேர முடிந்தது.

கேள்வி: ஆஸ்திரேலியா எல்லோரையும் அழைத்துக்கொள்கிறதாமே? அப்புறம் நாடு இருக்குமா? – ஈரோடு வாசகர்

பதில்: எல்லோரையும் அல்ல. 2024-இல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் வரை போகலாம். போனவர் திரும்பி வரவும் தடையில்லை. கடல் ஏறினாலும் துவாலு நாடாகவே தொடரும் என்று ஆஸ்திரேலியா அதில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2023-இல் திருத்திய அரசியல் சட்டத்திலும் துவாலு அதையே எழுதிவைத்தது. ஆனால் வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய இனி ஆஸ்திரேலியாவின் இசைவும் வேண்டும். பாஸ்பேட்டை விட்டுக்கொடுத்து வாங்கிய சுதந்திரத்தில் இது சின்னப் பங்கு அல்ல என்பதே என் கருத்து.