கதைப் போர்வை என்றால் என்ன? அது எப்படிக் குழந்தைகள் புத்தகமானது?

ஓவியமும் எழுதிய கதையும் சேர்ந்த ஒட்டுத்துணிப் போர்வைதான் கதைப் போர்வை. பழைய சேலைகளில் பாட்டி தைத்த போர்வையைக் காட்டி, ‘இது உன் அம்மாவின் பாவாடைத் துணி’ என்பாளே, அதை ஓரத்தில் எழுதியும் வைத்தது போல. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெண்களும் போர்வை தைத்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் குடும்பத்திலும் அந்தக் கைவேலை தலைமுறையாக வந்தது.

அவருடைய ‘டார் பீச்’ போர்வையில் மொட்டைமாடியில் பெரியவர்கள் சீட்டாடுகிறார்கள். எட்டு வயது கேஸி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறக்கிறாள். சும்மா இல்லை! அப்பாவைச் சேர்க்க மறுத்த தொழிற்சங்கத்தின் கட்டடத்தை அவருக்கே சொந்தமாக்கத்தான். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

புத்தகத்தைப் பார்த்துப் போர்வை செய்தார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் போர்வைதான் முதலில், 1988-இல். அதே கதை 1991-இல் குழந்தைகள் புத்தகமானது.