தொப்பையும் டெஸ்டோஸ்டிரோனும்: வாசகர் கேள்விகள்

கே: வயது 38, எடை 104 கிலோ. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 270 (நானோகிராம்/டெசிலிட்டர்) என்று வந்திருக்கிறது. குறைபாடுதானா?

ப: எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள், சாப்பிட்டிருந்தீர்களா என்று எழுதவே இல்லை. வெறும் எண்ணை அனுப்பினால் நான் என்ன சொல்வது? காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை பாருங்கள். பருமனானவர்களுக்கு, ரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் குறைவதால் மொத்த அளவு தாழ்ந்து தெரியும். புரதத்தில் ஒட்டாமல் இருக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுமாமே?

ப: ஆமாம், கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதியின் வேலை அது. ஆனால் பழி முழுவதும் அதன் மேல் இல்லை. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்பு நிலைக்கும் பங்கு உண்டு.

கே: ஜிம் நண்பர் சொல்லி 5 மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். அடுத்த வருடம் குழந்தை வேண்டும். பிரச்சினை வருமா?

ப: வரும். மாதாமாதம் இதே கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் அடக்கிவிடும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. விந்தணு உற்பத்தி படுத்துவிடும், பலருக்குப் பூஜ்யமே ஆகிவிடும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் 1990-களில் சோதித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பிள்ளை வேண்டும் என்பவருக்கு, ஒரு வார்த்தை கேட்காமல் இதைப் போடுபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. விந்துப் பரிசோதனை இந்த வாரமே செய்யுங்கள், ஹீமோகுளோபினும் பாருங்கள். ஊசியை எப்படி நிறுத்துவது என்பதை ஹார்மோன் மருத்துவரிடம் கேளுங்கள். விந்தணு திரும்ப 6 மாதம், ஒரு வருடம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம்.

கே: எடை குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஏறும்?

ப: உணவுக் கட்டுப்பாட்டில் 10 சதவீதம் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 80 நானோகிராம்/டெசிலிட்டர் போல. அறுவை சிகிச்சையில் 30 சதவீதம் இழந்தவர்களுக்கு 250 வரை. சரிபார்க்கும்போதும் காலையில், வெறும் வயிற்றில்தான்.

கே: மார்பு பெருத்திருக்கிறது. கொழுப்பா, ஹார்மோனா?

ப: பெரும்பாலும் மருத்துவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் நாளைக்கே போங்கள்.

கே: பலமாகக் குறட்டை விடுகிறேன். சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. முதலில் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை, ஹார்மோன் அப்புறம்.